பள்ளி அடுப்பில் உமிப் பிட்டு

நதீராவின் புருஷன் றம்ஸீன் மலேசியாவிலிருந்து வந்திறங்கிய நாளிலிருந்து சாய்ந்தமருதில் அந்தத் தெருக்காரர் யாருக்கும் நிம்மதியாக ஒரு தேங்காய் மட்டையை எறிய முடியாமல் போயிற்று. குப்பை மூட்டையோடு வாசலுக்கு வருகிறவர்களை மறித்து, "இதுக்குள்ள என்ன இரிக்கி?" என்று சுங்கத்து ஆள் மாதிரிக் கேட்பான். மரத்தூளா, மீன் செதிலா, வாழைத் தண்டா என்று கிளறிப் பார்த்துவிட்டு, "அநியாயம், அநியாயம்" என்று தலையில் கை வைப்பான். மாப்பிள்ளையாக வந்த வீட்டின் குப்பையையும் விட்டுவைக்கவில்லை. நதீராவுக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

ஆறு வருசம் அவன் அங்கே ஓர் எண்ணெய்ப்பனை ஆலையில் கொதிகலனுக்குத் தீனி போட்டவன். அந்தக் கதையைக் கல்யாண வீட்டிலும் சொல்வான், செத்த வீட்டுக் கத்தத்திலும் சொல்வான்.

"குலையிலயிருந்து பழத்தைக் கழட்டினா வெறுங்குலை மிஞ்சும். பழத்தைப் புழிஞ்சா நார் மிஞ்சும். கொட்டையை உடைச்சா ஓடு மிஞ்சும். நம்மட ஆக்களெண்டா எல்லாத்தையும் ஆத்துல தள்ளிற்றுப் போயிருப்பம். அங்க நாரும் ஓடும்தான் கொதிகலனுக்குச் சாப்பாடு. அந்த நெருப்பிலதான் முழு ஆலையும் ஓடுது. வெறுங்குலை தோட்டத்துக்கே பசளையாப் போகுது. சாம்பலுக்கும் லொறி வந்து நிக்கும். கடைசில மிஞ்சுற அழுக்குத் தண்ணியையும் மூடிக் கட்டி அதிலயிருந்து கேஸ் எடுக்கிறானுகள். எறியிறதுக்கு ஒண்டுமே இல்ல!"

நதீராவுக்கு இது மனப்பாடம். அவன் மூச்சு வாங்கும் இடத்தில் அவளே மிச்சத்தைச் சொல்லி முடிப்பாள். அவர்களின் மகள் நஜ்லாவுக்கு ஏழு வயது. வாப்பாவைத் தொலைபேசிக்குள் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை. அவன் அடுத்த அறையில் படுத்திருக்கும்போதே உம்மாவின் போனை எடுத்து, "வாப்பா, சாப்பிட்டீங்களா?" என்று குரலைப் பதிந்து அனுப்புவாள். அவனும் அங்கிருந்தே பதில் அனுப்புவான். அதைக் கேட்கும்போதெல்லாம் நதீரா ஏதாவது வேலையைச் சாட்டி எழும்பிப் போய்விடுவாள்.

ஊரில் எண்ணெய்ப்பனை கிடையாது. நெல் இருக்கிறது, வேண்டிய மட்டும். பெரும்போக வெட்டு முடிந்து மாவடிப்பள்ளிப் பக்கம் ஆலைகள் இரவு பகலாய்க் குற்றிக்கொண்டிருந்த நேரம். காரைதீவு இராசதுரையின் பழைய ஆலைக்குப் பின்னால் உமி ஒரு மலையாய்க் குவிந்து, உள்ளே கனன்று, வீதியால் போகிறவர்களின் கண்ணையெல்லாம் கரித்துக்கொண்டிருந்தது. றம்ஸீன் அந்த மலையைக் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினவன்தான், ஒரு மணித்தியாலமாய் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"இதை எடுத்தா ஒண்டும் நினைக்க மாட்டீங்களா அண்ணன்?" என்று கேட்டான்.

"நினைக்கிறதா? ஏத்திற்றுப் போங்க தம்பி! வாற லொறிக்காரனுக்குத் தேத்தண்ணியும் நான் தாறன்" என்றார் இராசதுரை. அவருக்கு உமி என்றால் தலையிடி. றம்ஸீனுக்கோ புதையல். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிவிட்ட சந்தோசத்தில் கை கொடுத்துப் பிரிந்தார்கள்.

வெல்டிங் கடை ஷிப்லி இரும்புக் குழாய் ஒன்றையும் லொறியைத் தூக்குகிற ஜக் ஒன்றையும் ஒட்டி ஓர் அமுக்கு இயந்திரம் செய்து கொடுத்தான். நனைத்த உமியைக் குழாய்க்குள் அடைத்து அமுக்கினால், நடுவில் துவாரத்தோடு ஒரு முழ நீளத்தில் உருளையான கட்டி வெளியே வரும். வெயிலில் காயவைத்தால் விறகுக்குப் பதில் எரிக்கலாம். பார்க்க அசல் குழல் பிட்டு. தெருவே அதற்கு உமிப் பிட்டு என்று பெயர் வைத்துவிட்டது. "என்ன நதீரா, இண்டைக்கும் பிட்டா?" என்று வேலிக்கு மேலால் கேட்பாள் பக்கத்து வீட்டு ஸஹ்றா. "ஓம், கறிக்குத்தான் வழியில்ல" என்பாள் இவள்.

கேலி போகட்டும், பிட்டு நிற்க வேண்டுமே! மலேசியாவில் இப்படிக் கட்டிகளைச் சூட்டோடு இறுக்கப் பெரிய இயந்திரம் உண்டு, பசை தேவையில்லை. இங்கே ஜக்கின் பலம் மட்டும்தான். காய்ந்ததும் கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. களிமண் கலந்தான், அடுப்பில் கல்தான் மிஞ்சியது. கோதுமை மாவைக் காய்ச்சி ஊற்றினான், மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தது. கடைசியில் மாட்டுச் சாணம் கலந்தான். கட்டி கல்லுப் போல நின்றது. துள்ளிக் குதித்துக்கொண்டு அதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போய் அபுல் ஹஸன் காக்காவிடம் காட்டினான்.

நோன்பு காலத்தில் அந்தப் பள்ளிவாசலின் கஞ்சி அபுல் ஹஸன் காக்காவின் பொறுப்பு. இருபத்தெட்டு வருசமாய் இரண்டு பெரிய செம்புக் கிடாரங்களில் அவரே காய்ச்சுகிறார். நோன்போடு நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கவும் மாட்டார். உப்பு, பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் மூக்காலேயே அளப்பார், ஒரு நாளும் பிசகினதில்லை. அந்த மூக்கு றம்ஸீனின் கட்டிக்குக் கிட்ட வந்தது, சட்டென்று பின்வாங்கியது.

"சாணியா? அசுத்தம், நஜீஸ்! அதை மூட்டி நோன்பாளிக்குக் கஞ்சியா? கொண்டு போ மனே, கொண்டு போ!"

பள்ளி அடுப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், ஊர் முழுக்கப் பார்க்கிற அடுப்பு அதுதான். அங்கே எரிந்தால் கல்யாணச் சமையல்காரர், பேக்கரிக்காரர், ஹோட்டல்காரர் எல்லோரும் தேடி வருவார்கள். அங்கே எரியாவிட்டால் உமிப் பிட்டு வெறும் கேலிப் பேச்சாகவே முடிந்துவிடும்.

நோன்பு தொடங்கியிருந்த இந்த நேரம் பார்த்து மலேசியாவிலிருந்து விசா வந்தது. அதே ஆலை, அதே கொதிகலன், கூடின சம்பளம். இருபதாம் நோன்புக்குள் ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"பள்ளி அடுப்பு எரிஞ்சா நிப்பன். இல்லாட்டி ஏறுறதுதான். என்ன சொல்றாய்?" என்று றம்ஸீன் நோன்பு திறந்து முடிந்த கையோடு கேட்டான், பீங்கான் தட்டைப் பார்த்துக்கொண்டு.

"உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்க" என்றாள் நதீரா, அவளும் பீங்கானைப் பார்த்துக்கொண்டு.

இப்படியும் இரண்டு மனிசர். முதல் தடவை அவன் போனபோது பெட்டி அடுக்கியது அவள்தான். சிரித்த முகத்தோடு கேட் வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள். உழைக்கப் போகிற ஆம்பிளையைப் போகாதே என்று மறிப்பது மானக்கேடு என்று யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. இந்த முறையும் வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். போகக்கூடாது என்று மனசு மட்டும் கிடந்து அடித்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நோன்பான அன்றிரவும் கஞ்சி மிஞ்சிப் போயிருந்தது. நோன்பில் அந்த ஊர் வீடுகளில் எது குறைந்தாலும் கஞ்சி குறையாது. தெருப் பள்ளியில் ஒரு வாளி, பெரிய பள்ளியில் ஒரு வாளி, நேர்த்திக்கடனுக்குக் காய்ச்சினவர்கள் கொடுத்துவிட்டது ஒரு வாளி. முதல் கிழமை ஆசையாய்க் குடிப்பார்கள். மூன்றாம் கிழமை வாளியைக் கண்டாலே பிள்ளைகள் ஓடும். மிச்சத்தை ஒருத்தருக்கும் தெரியாமல் கிணற்றடி வாழைக்கு ஊற்றுவார்கள், ஊற்றும்போது பாவமன்னிப்பும் கேட்டுக்கொள்வார்கள்.

நதீரா வாளியோடு கிணற்றடிக்குப் போனாள். கஞ்சி ஆறி, பசை பிடித்து, வாளியைச் சரித்தாலும் விழாமல் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். சாக்கால் மூடிக் கிடந்த உமியையும் பார்த்தாள்.

மறுநாள் றம்ஸீன் உமி ஏற்ற ஆலைக்குப் போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். மிஞ்சின கஞ்சியில் உமியைப் பிசைந்தாள், ஜக்கை அமுக்கினாள், முற்றம் நிறையப் பிட்டு வந்தது. மூன்று நாள் காய்ந்த பிறகு ஒன்றை எடுத்து மதில் கல்லில் அடித்துப் பார்த்தாள். கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, மதில்தான் சுண்ணாம்பு உதிர்த்தது. றம்ஸீன் வந்து அதை வாங்கித் தானும் மதிலில் அடித்துப் பார்த்தான்.

"என்ன போட்டாய்?"

"கஞ்சி" என்றாள். பொய்யில்லை. அவன் வெறும் வடிகஞ்சி என்று நினைத்துக்கொண்டான், அவளும் திருத்தவில்லை. பூண்டும் ரம்பை இலையும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் கோழி எலும்பில் ஒட்டின இறைச்சித் துகளும் போட்ட நோன்புக் கஞ்சி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இந்த முறை அபுல் ஹஸன் காக்கா கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ந்த கட்டியில் ஒரு வாசமும் வரவில்லை. அவருடைய விறகெல்லாம் காலம் தப்பின மழையில் ஊறிக் கிடந்தது, புகையில் கண் சிவந்து போயிருந்தார்.

"ஒரு நாள். ஒரு கிடாரம். பதினெட்டாம் நோன்புக்குக் கொண்டு வா. மற்றக் கிடாரம் விறகிலதான். அசர் தொழுகைக்குப் பிந்திச்செண்டா உன்னைத்தான் அடுப்புல வைப்பன்" என்றார்.

பதினெட்டாம் நோன்பு விடிந்தது. சுபஹு தொழுதுவிட்டு முற்றத்துக்கு வந்த நதீரா அலறின அலறலில் நஜ்லா ஓடி வந்தாள். ஸஹ்றாவின் ஆடுகள் ஐந்தும் வேலியைப் பிரித்து உள்ளே வந்து, காயவைத்த பிட்டைக் கறக் கறக்கென்று கடித்துக்கொண்டு நின்றன. உப்பும் தவிடும் சோறும் சேர்ந்தால் ஆடு விடுமா! ஒரு கிடாய் கட்டியைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, பெருநாள் சாப்பாடு கிடைத்த மாதிரிக் கண்ணை மூடி மென்றது.

"உங்கட விறகைத் தின்டு என்ட ஆடு செத்தா யாருகா பதில்?" என்று ஸஹ்றா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டாள்.

"உங்கட ஆடு தின்டு என்ட மனிசன் கப்பலேறினா யாரு பதில்?" என்று கத்திவிட்டாள் நதீரா. அவன் போவது பிளேனில் என்றாலும் கோபத்துக்கு அது தெரியவில்லை.

மூன்றில் ஒரு பங்கு ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. மிச்சத்தை எண்ணிப் பார்த்து, ஒரு கிடாரத்துக்குப் போதும் என்று றம்ஸீன் தள்ளுவண்டியில் அடுக்கினான். ஆடு ஏன் விறகைத் தின்றது என்று மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. "தவிடு கலந்தபடியாத்தான்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனான்.

பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளியின் பின்பக்கம் அடுப்பு மூட்டினார்கள். நதீராவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நேரத்துக்கு முன்னமே வாளியைத் தூக்கிக்கொண்டு பின் கேட்டடிக்குப் போய் நின்றாள். விறகு அடுப்பு இருமிக்கொண்டும் புகைந்துகொண்டும் கிடந்தது. பக்கத்தில் உமிப் பிட்டு, நடுத் துவாரத்தால் காற்றை இழுத்து, நீலமும் மஞ்சளுமாய், துளியும் புகையில்லாமல் எரிந்தது. அபுல் ஹஸன் காக்கா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கிடாரத்தைக் கிளறப் போனார். அவர் குறை சொல்லாததே பெரிய விசயம். நதீராவுக்கு நெஞ்சுக்குள் பால் பொங்கினது போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் வாசம் கிளம்பியது.

முதலில் வறுத்த பூண்டு. பிறகு ரம்பை. அதற்குப் பின்னால் கருகின தேங்காய்ப்பாலும் கோழியும். கடல் காற்று அதை அள்ளிக்கொண்டு தெருத் தெருவாய்ப் போனது. பதினெட்டு நாள் நோன்பு பிடித்த ஊர், பகல் இரண்டரை மணி, வயிறு காய்ந்து கிடக்கிற நேரம். கதவுகள் திறந்தன. படுத்திருந்தவர்கள் எழும்பினார்கள். கஞ்சி இன்றைக்கு முன்கூட்டி இறக்கிவிட்டார்களாம் என்று யாரோ சொல்ல, அரை மணித்தியாலத்துக்குள் வாளிகளோடு வரிசை பள்ளி மதிலைச் சுற்றிவிட்டது. கிடாரத்துக்குள்ளே பார்த்தால் அரிசி இன்னும் மலரவில்லை, பூண்டு உரிக்கப்படாமல் சுளகில் கிடந்தது.

பள்ளி நிர்வாகத்து மீராமுகைதீன் மரைக்கார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "நோன்பு நேரத்தில யாரு இங்க கோழி பொரிக்கிற? அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?"

"ஒருத்தரும் பொரிக்கல்ல" என்ற அபுல் ஹஸன் காக்கா மூக்கை உயர்த்தினார். ஒரு தரம் இழுத்தார், இன்னொரு தரம் இழுத்தார். அவருடைய முகம் மாறியது. "வெந்தயம் தூக்கலா இரிக்கி. பன்னிரண்டாம் நோன்புக்குத்தான் எனக்கு வெந்தயம் கொஞ்சம் கூடிப்போச்சு." அடுப்பைப் பார்த்தார். "டேய் றம்ஸீன், இது என்ட கஞ்சி!"

றம்ஸீன் திகைத்துப் போய் நதீராவைப் பார்த்தான். வரிசை முழுக்க அவளைப் பார்த்தது.

"பள்ளிக் கஞ்சியை அடுப்புல போட்டெரிக்கிறதா? எடுங்க இந்தக் குப்பையை!" என்றார் மரைக்கார். இரண்டு பேர் கட்டியை இழுக்கக் குனிந்தார்கள். எல்லாம் போயிற்று என்று நதீராவுக்குத் தெரிந்தது. இருபதாம் நோன்பு வரும், பெட்டி அடுக்க வேண்டும், கேட் வரைக்கும் போய்ச் சிரிக்க வேண்டும். முடியாது என்று தோன்றியது. இன்னொரு முறை அந்தச் சிரிப்பு தன்னால் முடியவே முடியாது.

"நான்தான் போட்டன்!" என்று முன்னுக்கு வந்தாள். "மூணு வாளி வருது காக்கா, குடிச்சு முடியல்ல. ஒவ்வொரு நாளும் வாழைக்கு ஊத்துறம். எங்கட வீட்டுல மட்டுமில்ல, எல்லா வீட்டுலயும்தான், கேட்டுப் பாருங்க! ஊத்த மனசு வரல்ல, உமிக்குள்ள போட்டன். ஊத்துறதுக்குப் பயந்து மட்டும் போடல்ல. இந்த மனிசன் திரும்பப் போகக்கூடாதெண்டு போட்டன். கட்டி எரிஞ்சாத்தானே நிப்பாராம். அதுக்காக நான் எதையும் போட்டிருப்பன்."

சொல்லி முடித்த பிறகுதான் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கண்டாள். வரிசையில் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வாளியைப் பின்னால் மறைத்தார்கள். "எங்கட வீட்டுலயும் மிஞ்சுதுதான்" என்றாள் ஒருத்தி மெல்ல. "எங்கடதும்" என்றாள் ஸஹ்றா. "என்ட ஆட்டுக்குத்தான் ஊத்துற. அதுதான் காலையில வாசம் பிடிச்சு வந்திரிக்கி."

றம்ஸீன் கையில் பிடித்த இரும்புக் கம்பியை அடுப்போரம் சாய்த்துவிட்டு வந்தான்.

"நீ ஒரு நாளும் சொல்லல்லையே" என்றான்.

"நீங்க ஒரு நாளும் கேக்கல்லையே."

"முதல் தரமே சொல்லியிருந்தா நான் போயேயிருக்க மாட்டனே புள்ள!"

நதீராவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆறு வருசம்! ஒரு சொல்லுக்கு ஆறு வருசம்!

"குடும்பக் கதையை வீட்டுல போய்க் கதைங்க, இது பள்ளி" என்று தொடங்கினார் மரைக்கார்.

"சும்மா இரிங்க மரைக்கார்" என்றார் அபுல் ஹஸன் காக்கா. அவர் உமிப் பிட்டு அடுப்பிலிருந்த கிடாரத்தின் மூடியைத் திறந்திருந்தார். அரிசி மலர்ந்து தளதளவென்று கொதித்தது. விறகு அடுப்பில் இன்னும் தண்ணீரே சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கஞ்சி வாழைக்குப் போகிறது என்று கேட்ட வருத்தம் அவர் முகத்தில் இருந்தது, பிறகு அது மெல்ல மெல்லக் கரைந்தது. "கொட்டாம என்ட அடுப்புக்கே திருப்பி அனுப்பியிருக்காள். அந்த மட்டுக்கும் நல்லம். நாளையிலயிருந்து அரிசியைப் பாதியாக் குறைக்கிறன். இண்டையிலயிருந்தே எத்தனை பேரெண்டு கேட்டு அந்தளவுக்குத்தான் ஊத்துவன். உப்பும் பூண்டும் போடுறதுக்கு முந்திக் கிடாரத்துல இருந்து பசை எடுத்துத் தாறன். பெருநாள் வரைக்கும் ரெண்டு அடுப்புக்கும் நீதான் கொண்டு வரணும் றம்ஸீன். பூண்டு மட்டும் வேணாம் மனே, நோன்பாளிய உயிரோட கொல்லாத!"

வரிசை முழுக்கச் சிரித்தது. மரைக்காரும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப் போனார். அடுப்பிலிருந்து தள்ளின உமிக்கரி கிடாரம் தேய்க்க நல்லது என்று ஒருவர் அள்ளிக்கொண்டார். செவ்வந்திப் பாத்திக்குச் சாம்பல் தருவீர்களா என்று இன்னொருவர் கேட்டார். பேக்கரி வைத்திருக்கிற ஒருவர் கையில் ஒரு கட்டியைத் தூக்கிப் பாரம் பார்த்துக்கொண்டே றம்ஸீனைத் தனியாய்க் கூப்பிட்டார். அவன் "பொறுங்க ஹாஜியார், ஒரு போன் எடுக்கணும்" என்று போனை எடுத்தான்.

ஏஜெண்டின் குரல் வெளியே கேட்கிற மாதிரிப் பேசியது. சம்பளத்தை இன்னும் கூட்டலாம் என்றது, டிக்கெட்டும் தாங்களே போடுவோம் என்றது. ஏன் வரமாட்டீர்கள் என்று கேட்டது.

"வீட்டுல விடமாட்டாங்களாம்!" என்றான் றம்ஸீன். மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்பது போலச் சொன்னான். அவர் விளங்காமல் திரும்பக் கேட்க, இன்னும் சத்தமாய்ச் சொன்னான். மூன்றாம் தரமும் கேட்க மாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அசர் பாங்கு சொல்லித் தொழுகையும் முடிய, கஞ்சியை இறக்கினதும் வரிசை நகரத் தொடங்கியது. நதீராவின் முறை வந்தது. அபுல் ஹஸன் காக்கா அகப்பையைக் கிடாரத்துக்குள் விட்டுவிட்டு, தன் புதுச் சட்டப்படி நிமிர்ந்து கேட்டார்.

"எத்தனை பேரு?"

ஆறு வருசமாய் ரெண்டு என்று சொல்லிப் பழகின வாய். அவள் ஒரு கணம் நின்று, பின்னால் அடுப்படியில் கரிக் கையோடு நிற்கிறவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு பேரு, காக்கா" என்று சொல்லி வாளியை நீட்டினாள்.